காறை எலும்புக்குக் கீழே

சோஹாரில் மே மாதம். காலை ஏழுக்கே
வெளிப்பக்கம் வியர்த்துக் கிடக்கிறது
பாலிகிளினிக்கின் கண்ணாடிக் கதவு.

முதல் டோக்கன் முஹன்னத். நான்கு மாதம். தூங்குகிறான்.
எழுப்ப வேண்டாம் என்று தாயிடம் கண்ணால் சொல்லிவிட்டு
ஸ்டெதஸ்கோப்பின் தட்டை
உள்ளங்கையில் பொத்தி வைத்திருக்கிறேன்,
இப்போதுதான் இட்ட முட்டையின் சூடு வரும்வரை.
தூங்கும் பிள்ளையிடம் முதலில் நெஞ்சைக் கேட்டுவிட வேண்டும்.
பிறகு மூச்சு. இந்த வயதில் வயிறுதான் ஏறி இறங்கும்,
விட்டு விட்டு வரும்;
முழு நிமிடம் எண்ண வேண்டும்,
அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது திருட்டு.
உச்சிக்குழி மெத்தென்று. அடியில் ஒரு துடிப்பு.
காதும் தொண்டையும் கடைசிக்கு.
அழுகையைக் கடைசியில் வை என்பது
பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு வரி.
என் மண்டையில் ஏற
என் காதருகே வீறிட்டவர்கள்
முதல் வருடத்தில் மட்டும் பதினோரு பேர்.

ரீமாஸுக்கு இரண்டரை. தாயின் மடிதான் கட்டில்.
அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் ஒட்டகத்துக்கு
முதலில் காய்ச்சல் பார்த்தேன்.
ஒட்டகத்துக்கு ஒன்றுமில்லை.
அவளுக்கு முப்பத்தொன்பது.
"பார்க்கட்டுமா" என்று மட்டும் கேட்கக் கூடாது,
"லா" என்பாள், சொன்ன சொல்லில் நிற்பாள்.
எந்தக் காது முதலில், இதுவா அதுவா?
ஒட்டகத்தின் காதைக் காட்டினாள்.

ஷம்ஸா, பதினான்கு. வயிற்றுவலி.
எல்லாக் கேள்விக்கும் அம்மாவே பதில் சொன்னார்.
கையெழுத்து ஒன்று பாக்கி என்று
அவரை மரிசெல்லின் மேசைக்கு அனுப்பினேன்.
உடம்பில் மற்ற இடமெல்லாம் தொட்டுவிட்டுக் கேட்கலாம்,
வயிறு அப்படியில்லை,
தொட்டால் பேச்சை மாற்றிக்கொள்ளும்.
பார், கேள், பிறகு தொடு.
வலிக்கும் இடத்தைக் கடைசியில் தொடு.
விரல் வயிற்றில், கண் முகத்தில்.
அவள் அப்போது சொன்னது
இந்தக் கவிதைக்குள் வராது.

பதினொன்றரைக்குக் கம்பெனி வேன்.
விசா புதுப்பிக்கப் பன்னிரண்டு பேர்.
சேர்மக்கனி, கம்பி கட்டுகிறவர்,
பாஸ்போர்ட்டில் நாற்பத்தொன்பது.
மீசையில் நேற்றைய மை,
காது மடலில் அதில் ஒரு சொட்டு.
கருவிழியைச் சுற்றி வெளிறிய வளையம்.
புறங்கைத் தோலைக் கிள்ளினேன்.
கூடாரம் போல நின்றது, விழவில்லை.
தண்ணீர் போதவில்லையா? வேறா?
இளையவர்களுக்குப் புறங்கை போதும்,
மூத்தவர்களிடம் அது பொய் சொல்லும்,
காறை எலும்புக்குக் கீழே கிள்ள வேண்டும்.
என்னைக் கேட்காமலே
அங்கே போய்விட்டன என் விரல்கள்.
பன்னிரண்டாவது வருடமாக நான் பார்க்கிற வேலை,
விரல்கள் படிவத்தைப் படிப்பதில்லை.

"எத்தனை, அண்ணே?"
"அதான் போட்டுருக்குல்லாம்மா."

படுத்திருக்கும்போது நூற்று முப்பத்தெட்டு.
நின்று ஒரு நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு.
கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்,
பிடிக்காதது போல.
எந்த மாடி என்று கேட்டேன்.
எட்டு, என்றார். இன்னும் நாலு இருக்கு.

வயது என்ற கட்டத்தில் நாற்பத்தொன்பது எழுதினேன்.
அது என் கட்டமில்லை, அரசாங்கத்தின் கட்டம்.
குறிப்பு என்ற கட்டத்தில் இரண்டு எண்களையும் எழுதினேன்,
உயரத்தில் ஏற்ற வேண்டாம், தரையில் கம்பி வளைக்கலாம்,
டாக்டர் பார்க்கவும்.
அவர் தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தார்,
தெரியாத இங்கிலீஷை.
"வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"
எனக்குத் தெரியவில்லை. அதையே சொன்னேன்.

எழும்போது உடனே எழாதீர்கள், என்றேன்.
காலைத் தொங்கப்போட்டு உட்காருங்கள்,
அறுபது வரை எண்ணுங்கள், அப்புறம் நில்லுங்கள்.
வயதானவர்களுக்கு மட்டும் சொல்கிற பாடம் அது.
அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
தொங்கப்போட்டார்.
சத்தமாகவே எண்ணினார்,
வரிசையில் நிற்கிற மற்ற பதினோரு பேருக்கும் கேட்கும்படி.
நாற்பத்தொன்பதில் நிறுத்திவிட்டு
எழுந்துகொண்டார்.